விசில் வராத ஸ்டாப்பிங்

ஜெயந்தி பாப்பாவுக்கு,

மாறுதல் உத்தரவு வாங்க நீ டிப்போவுக்குப் போயிருக்கிறாய். நீ திரும்பி வருவதற்குள் இதை எழுதி முடித்து, உன் பையில் சாப்பாட்டு டப்பாவுக்குக் கீழே வைத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நாளைக் காலையில் நீ அத்திபெலேவுக்குக் கிளம்புகிறாய். "இதே ஊரோட இன்னொரு மூலைதானப்பா" என்கிறாய். மூலைதான். ஆனால் ஒரு கண்டக்டர் அந்த மூலையில் கடைசி டிரிப் முடித்துவிட்டு ஜோகுபாளையம் வந்து படுத்து, விடியற்காலை முதல் டிரிப்புக்குத் திரும்பிப் போக முடியாது என்பது தெரியாதவனா நான்? ஆயுசு முழுக்க இந்த ஊரில் பஸ் ஓட்டியவனுக்கே நீ தூரம் சொல்கிறாய். இதையெல்லாம் நேரிலேயே பேசலாம். பேச ஆரம்பித்தால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிக்கொண்டே துணி மடிக்கப் போய்விடுவாய். என் கையெழுத்து உனக்குப் பழக்கம்தான், பொறுமையாகப் படி.

முதலில் உன் அம்மாவைப் பற்றி எழுத வேண்டும். அவளைத் தாண்டி எனக்கு எதுவும் எழுத வராது. சர்க்கரை முற்றி இரண்டு கிட்னியும் போய், டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த நாட்களில், ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் குடிக்கலாம் என்று டாக்டர் அளந்துவிட்டார். நீ அந்தத் தண்ணீரைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் ஊற்றி அலமாரி மேல் வைத்துவிடுவாய். மத்தியானத்துக்கு முன்பே அது தீர்ந்துவிடும். "ஒரே ஒரு வாய் குடுடி, யாருக்கும் தெரியாது" என்று உன்னிடம் கெஞ்சுவாள். நீ துணியை நனைத்து அவள் உதட்டில் வைப்பாய். அவள் அந்தத் துணியைச் சப்புவாள். நான் பார்க்க முடியாமல் வாசலுக்குப் போய் நின்றுகொள்வேன். அவள் போன அன்று நடந்ததுகூட எனக்கு மறந்துவிட்டது, அந்த உதடு மட்டும் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அவள் போன பிறகு இந்த வீட்டில் நாம் இரண்டு பேரும் என்ன செய்தோம்? சாப்பிட்டோம். நீ டூட்டி முடித்து வரும்போது அல்சூரில் இறங்கி தொன்னை பிரியாணி வாங்கி வருவாய். நான் பரோட்டா வாங்கி வைத்திருப்பேன். இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டு, டிவியைப் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் தின்போம். அப்போது அதைப் பசி என்றுதான் நினைத்தோம். உன் உடம்பு ஏறியதற்கு அதுதான் காரணமோ என்று நான் பிறகு உனக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மாவிடமே கேட்டேன். உடம்பு வாகு, பரம்பரை, நேரம் கெட்ட வேலை, எல்லாம் சேர்ந்தது, இதில் யாரையும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை என்றார். அந்த அம்மாள் சொன்னதை நான் நம்பினேன், நீயும் நம்பு.

உடம்பு ஏறியதில் உனக்கு முட்டி வலி வந்தது, மூச்சு வாங்கியது. அதைவிட டிப்போவில் உனக்கு ஒரு பெயர் வந்தது. நான் பென்ஷன் விஷயமாக வந்த அன்று கேண்டீனில் இருந்து எவனோ "டபுள் டெக்கர் பந்த்து, டபுள் டெக்கர் பந்த்து" என்று கத்தினான், மாடி பஸ் வந்துவிட்டதாம். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாய். வந்தவள் அங்கே டீ கிளாஸோடு நின்ற என்னைப் பார்த்துவிட்டாய். நானும் உன்னைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு பேருமே அதைப் பேசவில்லை. உன் அம்மா இருந்திருந்தால் கேண்டீனுக்கே போய் அவன் சட்டையைப் பிடித்திருப்பாள்.

பிறகு உன் ரத்தத்திலும் சர்க்கரை வந்துவிட்டது என்று ரிப்போர்ட் வந்தது. நீ ஆபரேஷன் பேச்சை எடுத்தாய். இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழ அளவுக்கு மட்டும் விட்டுவைப்பார்கள் என்று நீ கையால் காட்டினாய். "நல்லா இருக்கிற வயித்த எவனாவது வெட்டிப்பானா? நடந்தா கொறையாதா?" என்று கத்தினேன். நீ கத்தவில்லை. "அம்மா மாதிரி தண்ணி கேட்டுக்கிட்டே சாவச் சொல்றியாப்பா?" என்று கேட்டாய். மறுநாளே உன்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு வந்த நாட்களில் செய்ததைப் போல நான் என் வாழ்க்கையில் எதையும் கவனமாகச் செய்ததில்லை. முதலில் வெறும் தெளிந்த நீராகாரம், பிறகு பருப்புத் தண்ணீர், பிறகு மசித்தது, பிறகு மெதுவானது என்று ஒவ்வொரு படியாக ஏறினோம். முட்டையை எந்தப் பக்குவத்தில் அவித்தால் உனக்கு இறங்கும் என்று நான் கற்றுக்கொண்டேன். சாப்பிடுகிற வேளையில் தண்ணீர் கூடாது, முன்னும் பின்னும் அரை மணி விட்டு மடக்கு மடக்காகக் குடிக்க வேண்டும். தட்டில் முட்டை, மீன், பன்னீர், பருப்பு இதெல்லாம் முதலில், சோறு இடம் இருந்தால் கடைசியில். இனிப்பான ஜூஸ் பக்கம் போகவே கூடாது, படபடவென்று வேர்த்துவிடும். இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாகப் போடக் கூடாது. இதெல்லாம் எனக்கு ரூட் போல மனப்பாடம் ஆகிவிட்டது. ஆனால் நீ முதன்முதலாக அரை இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டு, அதில் பாதியை மெல்ல மெல்ல மென்று, "போதும்பா" என்று நகர்த்தினாயே, அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது. நல்லதற்குத்தான் என்று தெரியும். இருந்தாலும் பெற்ற பிள்ளை கால் இட்லியோடு எழுந்திருப்பதைப் பார்த்தால் மனசு கேட்கிறதா? அதற்குப் பிறகு நான் சமையலறையிலேயே, சுவரைப் பார்த்து நின்றுகொண்டு சாப்பிட ஆரம்பித்தேன். நீ கண்டுபிடித்துவிட்டாய். "அப்பா, வந்து உக்காந்து சாப்பிடு. நீ சாப்பிடறத பாத்தா எனக்கு ஒண்ணும் ஆவாது" என்றாய். உட்கார்ந்தேன். ஆனால் நாம் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டது அந்தத் தொன்னை பிரியாணியோடு முடிந்துவிட்டது பாப்பா. அதற்குப் பிறகு நான் சாப்பிட்டேன், நீ பக்கத்தில் இருந்தாய், அவ்வளவுதான்.

வீட்டில் இருந்தவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. டூட்டிக்குத் திரும்பியதும்தான் கெட்டது. தொளதொளவென்று ஆகிவிட்ட காக்கிச் சட்டையைப் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு போனாய். கேட்டவர்களிடம் எல்லாம் மஞ்சள் காமாலை என்று சொன்னாய். எனக்குப் புரிந்தது. டபுள் டெக்கர் என்று கத்தியவனிடம் போய் வயிற்றை வெட்டிக்கொண்டு வந்தேன் என்று சொன்னால் அவன் அதற்கும் ஒரு பெயர் வைப்பான். நான் காலையில் உனக்குச் சின்னச் சின்ன டப்பாவாகக் கட்டித் தருவேன். அவித்த முட்டை ஒன்றில், வேகவைத்த கொண்டைக்கடலை ஒன்றில், தயிர் ஒன்றில். பெரிய பாட்டிலில் தண்ணீர். சாயங்காலம் டப்பாக்கள் காலியாக வரும். பாட்டிலும் காலியாகத்தான் வரும். அதைப் பார்த்து நானும் நிம்மதியாக இருந்தேன்.

உண்மையில் நடந்ததெல்லாம் உன் டிரைவர் மஞ்சுநாத் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நம் லைனில் ஒரு வழக்கம் உண்டு. ரூட் முடிகிற கடைசி ஸ்டாண்டில் பஸ் நின்றதும் டிரைவரும் கண்டக்டரும் டப்பாவைத் திறந்து நடுவில் வைத்து, மாற்றி மாற்றி எடுத்துச் சாப்பிட வேண்டும். அப்படிச் சாப்பிடாத ஜோடிக்கு அந்த பஸ்ஸே ஓடாது என்று நாங்களே சொல்லுவோம். நீ வேண்டாம் என்று சொன்னதும் மஞ்சுநாத்துக்குச் சுருக்கென்று தைத்திருக்கிறது. "யாக்கம்மா, நம்ம மனெ ஊட்டா சேரல்வா?" என்று கேட்டிருக்கிறான். ஏனம்மா, எங்கள் வீட்டுச் சாப்பாடு உனக்கு ஆகாதா என்று ஒருவன் கேட்டால் அதில் எத்தனை அர்த்தம் இருக்கிறது என்று நம் குடும்பத்துக்குத் தெரியாதா? நம் பாத்திரத்தில் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர்களை நாம் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம். அதே வலியை இன்னொருவனுக்குக் கொடுக்க உனக்கு மனசு வரவில்லை. அவன் பொண்டாட்டி கட்டிக்கொடுத்த ராகி முத்தையை, அந்தக் களி உருண்டையை, பிட்டுக் குழம்பில் தோய்த்து வாயில் போட்டிருக்கிறாய். முத்தையை யாராவது மெல்லுவார்களா? மென்றால் இந்த ஊரில் சிரிப்பார்கள். அப்படியே விழுங்கியிருக்கிறாய். அது உன் வாழைப்பழ அளவு வயிற்றில் போய் அடைத்துக்கொள்ள, நீ பஸ்ஸுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து டிக்கெட் போட்டிருக்கிறாய். அன்றிலிருந்து, அவனுடையதைத் தொடாமல் உன்னுடையதை மட்டும் தின்ன மனசில்லாமல், உன் டப்பாவை அவனிடம் கொடுத்துவிட்டு, பசியில்லை என்று சொல்லிவிடுவாயாம். நான் அவித்த முட்டையை எல்லாம் அவன்தான் சாப்பிட்டிருக்கிறான். "ஒள்ளே மொட்டே சார்", நல்ல முட்டை என்று என்னிடமே பாராட்டினான். பாவம், நல்லவன்.

தண்ணீரை மட்டும் நீ யாருக்கும் கொடுக்கவில்லை. கடைசி ஸ்டாண்டில் மரத்தடியில் ஊற்றிவிட்டாய்.

அந்த நாளைப் பற்றி அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உனக்கே தெரியாது அது. டின் ஃபேக்டரி ஸ்டாப்பிங். நீ ஒற்றை விசில் ஊதினாய், அவன் நிறுத்தினான். ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். இரட்டை விசிலுக்காகக் காத்திருந்தான். வரவில்லை. பின்னால் வண்டிக்காரர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். கண்ணாடியில் பார்த்தால் கூட்டம்தான் தெரிகிறது. "மேடம், ஹோகோணவா?", போகலாமா என்று கத்தினான். சத்தமில்லை. உள்ளே இருந்தவர்கள் "போப்பா, டைம் ஆச்சு" என்று அவனைத் திட்டினார்கள். விசில் வராமல் நான் எப்படி எடுப்பேன் என்று அவனும் திட்டினான். அப்புறம் யாரோ ஒரு அம்மாள் வீறிட்டாள். நீ சீட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் சரிந்து கிடந்தாயாம், டிக்கெட் மெஷின் கழுத்தில் தொங்க, விசில் கையில் இருக்க. அவன் சொல்லச் சொல்ல எனக்கு அந்த பஸ்ஸில் நானே டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருப்பது போல் இருந்தது. ஒரு டிரைவருக்கு அதைவிடப் பெரிய பயம் கிடையாது. இன்றைக்கும் நான் கண்ணை மூடினால் அந்த பஸ் அந்த ஸ்டாப்பிங்கிலேயே நிற்கிறது.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு உன்னைக் கேட்டார்: உடம்பில் தண்ணீரே இல்லை, இரும்புச் சத்தும் இல்லை, நாள் முழுக்கக் குடி என்று எத்தனை தடவை சொன்னேன், ஏனம்மா குடிக்கவில்லை? நீ என்னைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாய். "குடிச்சா போகணும் மேடம். போறதுக்கு எடம் இல்ல. நாங்க லேடீஸ் யாருமே டூட்டில தண்ணி குடிக்க மாட்டோம். சேர்ந்த அன்னைக்கே சீனியருங்க சொல்லிக்குடுப்பாங்க." டாக்டரம்மாவும் ஒரு பெண்தானே, அவருக்கு உடனே புரிந்துவிட்டது. எனக்குத்தான் நேரம் பிடித்தது. என்னோடு பல வருஷம் ஓடிய கண்டக்டர் ரத்னம்மாவை நினைத்துக்கொண்டேன். வெயில் காலத்தில் உதடு வெடித்துப் போயிருக்கும். நான் இளநீர் வாங்கி நீட்டினால் "பேடா அண்ணா", வேண்டாம் என்பாள். கர்வம் பிடித்தவள் என்று உன் அம்மாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். எனக்கு எந்தச் சுவரும் போதும், எந்த மரமும் போதும். இடைவிடாமல் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டியவன், பின்னால் நின்றவள் தாகத்தோடு நிற்கிறாள் என்பதை ஒரு நாளும் பார்க்கவில்லை.

இந்த வீட்டின் தலைவிதியைப் பார் பாப்பா. உன் அம்மா தண்ணீர் கேட்டாள், நம்மால் கொடுக்க முடியவில்லை. உனக்குப் பாட்டில் நிறையக் கொடுத்தேன், நீ குடிக்கவில்லை. அம்மா மாதிரி ஆகிவிடக் கூடாது என்றுதானே வயிற்றையே வெட்டிக்கொண்டாய்? பிறகு நீயும் அதே வெடித்த உதட்டோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தால் நான் எந்த வாசலில் போய் நிற்பது? எனக்கு நிற்க இனி வாசல் இல்லை.

மஞ்சுநாத் உன்னைப் பார்க்க வந்தபோது அவனிடமும் கேஸ் டிரபிள் என்றுதான் சொன்னாய். அவனை வழியனுப்ப வந்தபோது மனசு கேட்காமல் நான்தான் வராந்தாவில் உண்மையைச் சொன்னேன். அது உனக்குத் தெரியாது. கோபித்துக்கொள். அவன் "ஒந்து மாத்து ஹேளித்ரெ நில்லிஸ்தித்னல்லா சார்" என்றான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் பஸ்ஸை நிறுத்தியிருப்பேனே என்று அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் மறக்க மாட்டேன். வழியில் பெட்ரோல் பங்க் இருக்கிறது, ஹோட்டல் இருக்கிறது, அவனுக்குத் தெரிந்த அக்கா வீடு இருக்கிறது, எங்கே வேண்டுமானாலும் நிறுத்தியிருப்பேன் என்றான். அன்றிலிருந்து அவன் முத்தை சாப்பிடவில்லையாம். அவன் பொண்டாட்டி ஃபோனில் சொன்னாள்.

நீ அத்திபெலே ரூட்டைக் கேட்டு வாங்கியது எதற்கு என்று எனக்குத் தெரியும். அங்கே ஸ்டாண்டில் பெண்களுக்கு டாய்லெட் இருக்கிறது என்று அந்த ரூட்டில் கண்டக்டராக இருக்கிற ரேணுகா சொன்னாள். அவளோடு ரூம் எடுத்துத் தங்கப் போகிறாய். போன வியாழக்கிழமை நான் பென்ஷன் ஆபீஸ் போவதாகச் சொல்லிவிட்டு அங்கேதான் போனேன். போய்ப் பார்த்தேன். தாழ்ப்பாள் சரியாக இருக்கிறது. குழாயில் தண்ணீர் வருகிறது. சாவி டைம் கீப்பரிடம் இருக்கும், கேட்டால் கொடுப்பார். கிழவன் ஒருவன் பெண்கள் டாய்லெட் வாசலில் நின்று எட்டி எட்டிப் பார்த்தால் சும்மா விடுவார்களா? டைம் கீப்பர் என்னைப் பிடித்து நன்றாக வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். பழைய டிரைவர் என்று சொன்ன பிறகு டீ வாங்கிக் கொடுத்தார். உன் புது டிரைவரையும் காட்டினார். சின்ன வயசுக்காரன், தன் பஸ் கண்ணாடியைத் தானே துடைத்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் அவனிடம் சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போய்விட்டேன். வாய் வரைக்கும் வந்துவிட்டது. மஞ்சுநாத்திடம் உன்னைக் கேட்காமல் சொன்னது ஒன்றே போதும் என்று "ஒசூர் பஸ் எங்கப்பா நிக்கும்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். அது உன் உடம்பு. நீதான் சொல்ல வேண்டும்.

இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். நாளைக்கு முதல் டிரிப் எடுப்பதற்கு முன்னால் அவனிடம் சொல்லிவிடு. வெட்கப்படுவதற்கு இதில் ஒன்றுமில்லை. "அண்ணா, எனக்கு வயித்துல ஆபரேஷன் ஆயிருக்கு, கொஞ்சம் கொஞ்சமாத்தான் சாப்பிடணும், தண்ணி குடிச்சிட்டே இருக்கணும், அடிக்கடி நிறுத்தச் சொல்லுவேன்" என்று சொல். இவ்வளவுதான். அவன் டப்பாவை நீட்டினால் ஒரு பருக்கை எடுத்து வாயில் போட்டு நன்றாக மென்று, ருசியாக இருக்கிறது என்று சொல். ஒரு பருக்கை போதும், மரியாதைக்கு அதற்கு மேல் தேவையில்லை. உன் முட்டையை அவனுக்குக் கொடுக்காதே, அது உன்னுடையது. வேண்டுமானால் அவனுக்கும் சேர்த்து இரண்டு வை. எவனாவது புதுப் பெயர் வைத்தால் வைத்துவிட்டுப் போகட்டும். டபுள் டெக்கர் என்று கூப்பிட்டபோது சிரித்தவள்தானே, இதற்கும் சிரி. பிறகு ரூமுக்கு வந்து எனக்கு ஃபோன் பண்ணி அழு. இந்தத் தடவை நான் கேட்காதது போல் இருக்க மாட்டேன்.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே என்று எழுத வேண்டும், ஆனால் பொய் எழுத மாட்டேன். கவலைப்படு. நீ போன பிறகு அந்தச் சின்ன டப்பாக்களை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. காலையில் எழுந்ததும் என் கை தானாக முட்டையை அடுப்பில் வைத்துவிடும். நானே தின்கிறேன். உட்கார்ந்தே தின்கிறேன்.

கடைசியாக ஒன்று. எனக்குப் பதவி உயர்வு வந்தது, மெடல் வந்தது, மேலதிகாரிகள் வந்து பஸ்ஸில் உட்கார்ந்தார்கள், அமைச்சர்கூட ஒரு தடவை ஏறினார். யார் சொல்லியும் நான் வண்டியை எடுத்ததில்லை. கண்டக்டர் இரட்டை விசில் ஊதினால்தான் எடுப்பேன். ஸ்டியரிங் டிரைவர் கையில் இருந்தாலும் பஸ் எப்போது கிளம்ப வேண்டும் என்று சொல்கிற அதிகாரம் அவன் கையில் இல்லை. அது விசிலாக உன் கழுத்தில் தொங்குகிறது. ஸ்டாண்டில் டைம் கீப்பர் கை காட்டட்டும். டிரைவர் கத்தட்டும். உள்ளே இருக்கிறவர்கள் எல்லாம் கதவைத் தட்டட்டும். நீ உன் முட்டையை மென்று முடி. டாய்லெட்டுக்குப் போய்விட்டு வா. ஏறி நின்று தண்ணீர் குடி, மடக்கு மடக்காக, அவசரமில்லாமல்.

குடித்த பிறகு ஊது.

அப்பா